ஐந்தாம் நம்பரில் வேறு ஆள்

13.10.2025, திங்கள்

தீபாவளிக்கு இன்னும் ஏழு நாள். ஊர் ஜனம் விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்க அலைமோதுகிறது. திருநகரில் என் கடையிலோ லேப்டாப் பைகள் வரிசை கட்டி நிற்கின்றன. நாளைத் தேதிதான் காரணம். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் நாளையோடு முடிகிறது. 2015 ஜூலையில் வந்த சிஸ்டம். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். என் மேசைக்கு வருகிற மெஷின்கள் பலவும் அதற்கு முந்தியவை. அதனால், "விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்துல லினக்ஸும் போட்டுருங்கண்ணே" என்று கேட்டு வருகிறார்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு சிஸ்டம். போடுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வருகிற தொல்லைகளுக்காகத்தான் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். எந்த மெஷினில் என்ன கோளாறு, எப்படித் தீர்ந்தது என்று தேதி போட்டு எழுதி வைத்தால், கடையில் வேலை பழகும் தம்பிக்கும் உதவும்.

இருட்டுகிற நேரத்தில் நிலையூர் கைத்தறி நகரிலிருந்து ஒரு பையன் வந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப். மூடியில் இருந்த அரசு முத்திரை பாதி தேய்ந்துவிட்டது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டே வரி. ‘எர்ரர்: அன்னோன் ஃபைல்சிஸ்டம்.’ ‘என்டரிங் ரெஸ்க்யூ மோட்.’ அதற்குக் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி, கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.

"டவுன்ல ஒரு கடையில காட்டுனேண்ணே. பார்மட் அடிச்சுப் புதுசா ஓஎஸ் போட்டுரலாம், ஐநூறு ரூவான்னாய்ங்க. அம்மாதான் வேணாம்னுட்டாங்க. அது அக்காவோட லேப்டாப்பு."

அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பொருளின் அருமை தெரிந்திருக்கிறது. மெஷினை வாங்கி வைத்துக்கொண்டேன்.

14.10.2025, செவ்வாய்

காலையில் வந்த முதல் மூன்று போனும் ஒரே கேள்வி: "இன்னையோட கம்ப்யூட்டர் நின்னு போயிருமா?" நிற்காது. அப்டேட்தான் நிற்கும். தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. மூன்று பேருக்கும் அதைச் சொல்லிவிட்டு நிலையூர் லேப்டாப்பைத் திறந்தேன்.

இந்த மாதிரிப் பழைய மெஷின் எப்படி எழுந்திருக்கிறது என்பதைத் தம்பிக்காக விரிவாக எழுதுகிறேன். பவர் பட்டனை அமுக்கியதும் பயாஸ் விழித்து, ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. 446 பைட்டில் எத்தனை எழுத்து அடங்கும்? இந்த நோட்டில் அரைப் பக்கம்கூட வராது. அதில் ஒரு சிஸ்டத்தையே எழுப்ப முடியாது. அதனால், சிஸ்டங்களை எழுப்பும் க்ரப் என்கிற நிரல் தன்னை மூன்று துண்டாக்கி வைத்திருக்கிறது. முதல் துண்டு அந்த 446 பைட்டில். இரண்டாவது, முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் செக்டர்களில். மூன்றாவது பெரிய துண்டு, லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் க்ரப் ஃபோல்டரில். எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கிற மெனுவும் அங்கேதான். இரண்டாம் துண்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விலாசம்: ‘இதே டிஸ்க், பார்ட்டிஷன் நம்பர் 5’. அங்கே போய்க் கதவைத் தட்டும். சரியான பதில் வராவிட்டால் ரெஸ்க்யூவில் வந்து நின்றுகொள்ளும்.

இனி அந்தச் செய்தியைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஐந்தாம் பார்ட்டிஷனே இல்லாமல் போயிருந்தால், ‘அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை’ என்று சொல்லியிருக்கும். இங்கே சொல்வது அதுவல்ல. ‘ஃபைல்சிஸ்டம் தெரியவில்லை’ என்கிறது. ஐந்தாம் நம்பர் வீடு இருக்கிறது, தட்டினால் திறக்கிறது, உள்ளே இருப்பவர் வேறு ஆள்!

எல்எஸ் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். 1, 2, 3 இருக்கின்றன, 5 இருக்கிறது. 6 இல்லை. பையனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போயி எதையாச்சும் டெலீட் பண்ணியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டி டிரைவ் ஃபுல்லாயிருச்சுண்ணே. பேரே இல்லாம ஒண்ணு 40 ஜிபி சும்மா கிடந்துச்சு. அத அழிச்சு டி-யோட சேத்துரலாம்னு..."

பேர் இல்லாமல் கிடந்தது லினக்ஸ் பார்ட்டிஷன். விண்டோஸுக்கு அந்த ஃபைல்சிஸ்டம் புரியாது. எழுத்தும் கொடுக்காது, பேரும் காட்டாது. பழைய அட்டவணையின் 64 பைட்டில் 16 பைட்டாக நாலே நாலு இடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாலில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் சின்னச் சின்ன லாஜிக்கல் பார்ட்டிஷன்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றின் எண் 5-ல் தொடங்கும். 5-ஐ அழித்தால் 6 நகர்ந்து 5 ஆகிவிடும். இந்த மெஷினில் 6 என்பது ஸ்வாப். அதில் ஃபைல்சிஸ்டமே கிடையாது. க்ரப் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் உண்மை.

இதை எழுதும்போதுதான் உறைத்தது. அந்த லேப்டாப்பை எனக்குத் தெரியும். 2021-ல், கொரோனா அடங்காத நாளில், அந்தப் பையனின் அக்கா இங்கே கொண்டுவந்தார். உள்ளே பாஸ் லினக்ஸ் இருந்தது. அதை எடுத்துவிட்டு டெபியன் போட்டு, தமிழ்99 விசைப்பலகையும் வைத்துக் கொடுத்தவன் நான். "இதுலதாண்ணே டிஎன்பிஎஸ்சி குறிப்பெல்லாம் அடிக்கப் போறேன், விண்டோஸ் ரொம்ப மெதுவா இருக்கு" என்று சொன்னது நினைவிருக்கிறது. நாலு வருடக் குறிப்பு அந்த ‘சும்மா கிடந்த’ 40 ஜிபியில்.

15.10.2025, புதன்

பையனைக் கடைக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அழித்ததற்குப் பிறகு என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டி டிரைவை நீட்டிக்கப் பார்த்திருக்கிறான். அந்த மெனு மங்கலாகவே இருந்திருக்கிறது. காரணம் இதுதான்: அழிந்த இடம் எக்ஸ்டெண்டட் பகுதிக்குள், பச்சைக் கட்டத்துக்குள் இருக்கிறது. டி டிரைவோ அதற்கு வெளியே, பிரைமரி. உள்ளே இருக்கும் காலி இடத்தை வெளியே இருப்பவர் எடுத்துக்கொள்ள விண்டோஸ் விடாது. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று ரீஸ்டார்ட் செய்திருக்கிறான். ரெஸ்க்யூ திரை வந்துவிட்டது. அந்த மங்கிய மெனுதான் நாலு வருடக் குறிப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. டெலீட் என்றால் அட்டவணையில் ஒரு வரிதான் போகிறது. அந்த இடத்தில் வேறு எதையும் எழுதாதவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

விண்டோஸ் டிஸ்க்கைப் போட்டு பூட்ரெக், ஃபிக்ஸ் எம்பிஆர் என்று ஒரு வரி அடித்தால் ஐந்து நிமிடத்தில் விண்டோஸ் எழுந்துவிடும். பையன் சந்தோஷமாக வீட்டுக்குப் போவான். அடுத்த வாரம் அந்தப் பச்சைக் கட்டத்தில் புதிதாக ஒரு டிரைவ் உண்டாக்கி சினிமாவை ஏற்றுவான். அதோடு எல்லாம் முடிந்தது. சீக்கிரம் ஆகிற வழி எல்லா நேரமும் சரியான வழி இல்லை.

2013-ல் நான் செய்த தவறை இங்கே எழுதி வைக்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் ஒருவரின் மெஷின் பூட் ஆகவில்லை. எனக்கும் அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று: பார்மட். சி டிரைவைத்தான் அழிக்கிறேன் என்று நினைத்து, டிஸ்க் முழுவதையும் புதிதாகப் பிரித்து விண்டோஸ் ஏற்றிவிட்டேன். மல்லிகைப் பூ போடும் விவசாயிகளின் மூன்று வருடப் பற்று வரவு போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. துண்டுச் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டு ஒன்றரை மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினார். நான் போய் உதவினேன். ஆனாலும் பாதிக் கணக்கு சேரவில்லை. அன்றிலிருந்து நகல் எடுக்காமல் யார் டிஸ்க்கிலும் ஒரு பைட் எழுதுவதில்லை.

அதனால் முதல் வேலை நகல். பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, டிடி ரெஸ்க்யூ கொண்டு 320 ஜிபி டிஸ்க் முழுவதையும் என்னுடைய வெளி டிஸ்க்குக்கு இமேஜாக எடுக்க விட்டேன். பழைய டிஸ்க். நல்ல நிலையில் இருந்தால் மூன்று நாலு மணி நேரம். இது சில செக்டர்களில் முனகுகிறது. ராத்திரி முழுக்க ஓடட்டும்.

16.10.2025, வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தி. இங்கே விடிகாலையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, நகல் பாதியில் நின்றிருந்தது. டிடி ரெஸ்க்யூ எதுவரை படித்தது என்பதைத் தனி மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. சாயங்காலம் முடிந்தது. படிக்க முடியாமல் போனது 48 கிலோபைட் மட்டும்.

17.10.2025, வெள்ளி

காலையில் தெற்குவாசல் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் ஐயா ஆட்டோவில் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை வேலை. கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஆர்டர் எடுத்து வைத்திருக்கிறார். மெஷினில் எக்ஸ்பி ஒன்று, விண்டோஸ் 7 ஒன்று. இந்தக் காலத்தில் எக்ஸ்பியா என்று கேட்பவர்கள் அச்சகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். இருபது வருடப் பத்திரிகை மாதிரிகள் பேஜ்மேக்கரில், பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. அந்த எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன் அடித்தவை தாமாக மாறிவிடாது. புது சிஸ்டத்தில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு தம்பி. காலையில போட்டா எக்ஸ்பி நீலக் கலர்ல வந்து நின்னுக்கிருது. ஒரு பையன் வந்து பாத்துட்டு ஹார்ட் டிஸ்க் போச்சு, மாத்தணும்ங்கிறான்."

நீலத் திரையில் 7பி என்று முடிகிற ஸ்டாப் கோட். பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். பயாஸுக்குள் போனேன். மூலையில் தேதியைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது: 2009 ஜனவரி 1. மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. சிஆர் 2032, நாணயம் மாதிரி ஒரு வெள்ளி வில்லை. அது செத்தால் பயாஸ் தன் செட்டிங் எல்லாவற்றையும் மறந்து கம்பெனி நிலைக்குப் போய்விடும். இந்த போர்டு சாட்டா டிஸ்க்கை ஏஹெச்சிஐ முறையில் வைத்துக்கொண்டது. எக்ஸ்பி போட்டபோது இருந்தது ஐடிஇ முறை. எக்ஸ்பியிடம் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. டிஸ்க் அங்கேயே இருக்கிறது. எக்ஸ்பிக்குக் கண் தெரியவில்லை.

பேட்டரி மாற்றி, ஐடிஇ என்று திருப்பி வைத்து, தேதியைச் சரி செய்தேன். பத்து நிமிடம். எக்ஸ்பி எழுந்தது. ஐயா பேஜ்மேக்கரைத் திறந்து ஒரு பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தார். பேட்டரி காசு போக நூறு ரூபாய் வாங்கினேன். அந்தப் பழைய மாதிரிகளை யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். தைக்கு மேல் பார்க்கலாம் என்றார்.

மத்தியானத்துக்கு மேல் நிலையூர் மெஷின். எடுத்த இமேஜின் மீது டெஸ்ட்டிஸ்க் ஓட்டினேன். இன்டெல் வகை, அனலைஸ், குயிக் சர்ச். மூன்று நிமிடத்தில் பட்டியல் வந்தது: விண்டோஸ் மூன்று, அதற்குக் கீழே லினக்ஸ் ஒன்று, ஸ்வாப் ஒன்று. லினக்ஸ் வரிமேல் நின்று பி அமுக்கினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் தெரியும். ஹோம் ஃபோல்டர், அதற்குள் அக்காவின் பெயர், அதற்குள் ‘பொதுத்தமிழ்’, ‘இந்திய அரசியலமைப்பு’, ‘திறனறிவு’. பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை; முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இமேஜில் சரியாக வந்ததால் அசல் டிஸ்க்கிலும் அதையே செய்தேன். லினக்ஸை லாஜிக்கல் என்று குறித்து, ரைட் கொடுத்து, ரீஸ்டார்ட். லினக்ஸ் திரும்ப 5, ஸ்வாப் திரும்ப 6. க்ரப்பை நான் தொடவே இல்லை. 446 பைட்டும் அதன் பக்கத்துத் துண்டும் முன்பு இருந்தபடியேதான் இருந்தன. அவை தேடிப் போன வீட்டில் பழைய ஆள் வந்துவிட்டார், அவ்வளவுதான். டெபியன், விண்டோஸ் 7 என்று நீல மெனு வந்து நின்றது.

"அக்காகிட்ட நீயே சொல்லு" என்றேன். தலையாட்டினான்.

18.10.2025, சனி

கப்பலூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். விண்டோஸ் 10 லேப்டாப், பக்கத்தில் உபுண்டு வேண்டும். பேத்தியின் பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் உபுண்டு பாடம் இருப்பதைப் பார்த்து வந்திருக்கிறார். போடுவதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காது. அரைத் தூக்கத்தில் இருக்கிற டிஸ்க்கில் லினக்ஸ் எழுதினால் இரண்டுக்கும் கேடு. பார்ட்டிஷனை விண்டோஸிலேயே சுருக்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் முடிந்தது.

20.10.2025, திங்கள்

தீபாவளி. கடை விடுமுறை.

23.10.2025, வியாழன்

வீட்டில் சஷ்டி விரதம், நேற்றிலிருந்து. பரங்குன்றம் கோயிலில் காப்புக் கட்டிய ஜனம் நிறைந்திருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும் பெண், அப்பாவோடு வந்தார். புது லேப்டாப், விண்டோஸ் 11, பக்கத்தில் உபுண்டு. ஆன் செய்தால் மெனு வராமல் நேராக விண்டோஸுக்குப் போகிறது என்று ஒரு வீடியோவைப் பார்த்து செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறார். அடுத்த முறை போட்டதும் நீலத் திரை: பிட்லாக்கர் ரெகவரி கீ, 48 இலக்கம், அடியுங்கள் என்கிறது. திங்கட்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ. "அழிச்சுப் போட்டுருங்க சார், வேற வழியில்லைன்னா" என்றார் அப்பா. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையை மெஷினில் வைக்குமுன் ஒரே கேள்வி கேட்டேன்: "அணைச்சத தவிர வேற ஏதாச்சும் மாத்துனீங்களாம்மா?" இல்லை என்றார். பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தேன். விண்டோஸ் கீ கேட்காமல் திறந்துவிட்டது.

இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். டிஸ்க்கைப் பூட்டியிருக்கும் சாவி டிபிஎம் சிப்பிடம் இருக்கிறது. மெஷின் எந்த நிலையில் எழுந்தது என்பதை அது அளந்து பார்த்து, பழைய அளவோடு ஒத்துப்போனால்தான் சாவியைக் கொடுக்கும். செக்யூர் பூட்டை அணைத்தால் அளவு மாறும். மாற்றியதை மாற்றியபடி திருப்பி வைத்தால் அளவு ஒத்துப்போகும். பதற்றத்தில் மேலும் மேலும் எதையாவது மாற்றுவதுதான் ஆபத்து. விண்டோஸ் திறந்ததும் செய்த முதல் வேலை, அந்த 48 இலக்கத்தை எடுத்துத் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தது. மெஷினை முதலில் செட் செய்தபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கிலும் அது இருக்கும். அந்தக் கணக்கு திருப்பூரில் இருக்கும் அண்ணனுடையதாம்.

அப்புறம்தான் மெனு. இது புது வகை மெஷின், யூஇஎஃப்ஐ. இங்கே 446 பைட் கதை கிடையாது. டிஸ்க்கில் 100 எம்பி அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று, அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். எதை முதலில் எழுப்புவது என்கிற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். பென் டிரைவில் உபுண்டுவை எழுப்பி, இஎஃப்ஐ பூட் மேனேஜர் கட்டளையில் பார்த்தால் உபுண்டு பத்திரமாக இருக்கிறது. வரிசையில் இரண்டாவதாக இருக்கிறது. முதலாவதாக்கினேன். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. உபுண்டுவின் ஷிம் என்கிற சிறிய நிரல் மைக்ரோசாப்ட் கையெழுத்தோடுதான் வருகிறது.

24.10.2025, வெள்ளி

தம்பி கேட்டான்: "அப்ப அந்த வீடியோக்காரய்ங்க ஏண்ணே அணைக்கச் சொல்றாய்ங்க?" சொல்வதற்கு ஒரு காரணமும் இருந்தது. 2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, உலகம் முழுக்கப் பல இரட்டை பூட் மெஷின்களில் லினக்ஸ் எழாமல், ‘ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது’ என்ற ஆங்கில வரியோடு நின்றது. க்ரப்பில் 2022-ல் தெரிய வந்த ஓட்டை ஒன்றை அடைப்பதற்காக, பழைய பூட் லோடர்களைத் தடுக்கும் பட்டியலை அந்த அப்டேட் புதுப்பித்தது. இரட்டை பூட் மெஷின்களைத் தொடாது என்றுதான் அறிவித்திருந்தார்கள். சில விதமாகப் போட்டிருந்த இரட்டை பூட்டை அது கண்டுகொள்ளவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மாக்யூட்டில் கட்டளையால் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு, திரும்ப ஆன் செய்ய வேண்டும். 2025 மே மாத அப்டேட்டில் அது சரி செய்யப்பட்டது. வீடியோவில் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். திரும்ப ஆன் செய்யச் சொல்வதில்லை, பிட்லாக்கர் கீயை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்வதும் இல்லை.

அடுத்த வருடத்துக்கு ஒரு குறிப்பு: 2011-ல் வழங்கிய செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதி ஆகின்றன. 2023 சான்றிதழுக்கு மாற வேண்டும். வாடிக்கையாளர்களிடம் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

27.10.2025, திங்கள்

பரங்குன்றத்தில் இன்று சூரசம்ஹாரம். மத்தியானத்தோடு கடையைச் சாத்தினேன். அதற்குமுன் ஒரே ஒரு வேலை: உபுண்டு புதிதாகப் போட்ட மெஷினில் க்ரப் மெனுவில் விண்டோஸ் காணவில்லை. மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ் ப்ரோபர், க்ரப் 2.06-லிருந்து நிறுத்தி வைக்கப்பட்டே வருகிறது. அமைப்பு ஃபைலில் அதை இயங்கச் சொல்லி ஒரு வரி, பிறகு அப்டேட் க்ரப். விண்டோஸ் வந்துவிட்டது. இதற்கும் ஒருவர் விண்டோஸைத் திரும்பப் போடச் சொன்னாராம்.

29.10.2025, புதன்

தலைமையாசிரியர் போன் செய்தார். "தம்பி, உபுண்டுவுல இருந்துட்டு விண்டோஸ் போனா கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால நிக்குது. பேட்டரி கீட்டரி போயிருச்சா?" அவரே சரியான எண்ணைச் சொல்லிவிட்டார். ஐந்தரை மணி என்பது கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள தூரம். மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை வைப்பது லினக்ஸ் வழக்கம்; அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வது விண்டோஸ் வழக்கம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை வைக்கச் சொல்லும் டைம்டேட் கட்டளையைப் போனிலேயே எழுத்து எழுத்தாகச் சொன்னேன். 71 வயது. தப்பில்லாமல் அடித்தார்.

30.10.2025, வியாழன்

தேவர் ஜெயந்தி. கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்து மாற்றம். டவுனிலிருந்து வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. வேலை இல்லாத நாளில் ஒன்றை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்று தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்து நம் நாட்டில் சி-டாக் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல். ‘டூயல் பூட்’ என்ற சொல்லையே கேள்விப்படாத கைத்தறி நகரிலும் வலையங்குளத்திலும் உள்ள பிள்ளைகளின் கையில் டூயல் பூட் மெஷின் வந்து சேர்ந்தது. நல்ல காரியம். அதைத் திறந்தால் என்ன, அழித்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் நல்ல காரியம். எத்தனையோ வீடுகளில் அந்த இரண்டாவது சிஸ்டம் ‘பேர் இல்லாத 40 ஜிபி’யாகவே இருந்து அழிந்துபோனது. தமிழில் லினக்ஸ் எழுத ஆள் இல்லாமல் இல்லை. ‘கணியம்’ இதழ் 2012-லிருந்து எழுதுகிறது. கடைகளில் இருக்கும் நாங்கள்தான் படிக்க வேண்டும். மெஷின் எழவில்லை என்று வருகிறவரிடம், "உள்ளே என்ன வச்சிருக்கீங்க?" என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். விலை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

31.10.2025, வெள்ளி

நிலையூர் அக்கா வந்தார். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்கு வேலை. ஃபைல்கள் கிடைத்த அன்று ராத்திரியே அவர் தம்பி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். டெபியனை எழுப்பி, மூன்று ஃபோல்டரையும் திறந்து, ஒவ்வொன்றிலும் முதல் ஃபைலையும் கடைசி ஃபைலையும் பார்த்தார். அவர் ஃபைல்கள் மொத்தம் 2.3 ஜிபி; கெட்டுப்போன செக்டர்கள் எதுவும் அவற்றில் விழவில்லை. ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி நான் கொடுத்த பழைய வெளி டிஸ்க்கில். அந்த லேப்டாப்பின் டிஸ்க் முனகுவதைச் சொல்லி, சின்ன எஸ்எஸ்டி ஒன்று மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்குகிறேன் என்றார். 600 ரூபாய் வாங்கினேன்.

கிளம்பும்போது, "உங்ககிட்ட இருக்கிற காப்பிய அழிச்சுரலாம்ண்ணே" என்றார். அவர் முன்னாலேயே இமேஜை அழித்தேன்.